கூப்பிடாமல் போன வீடு

1

“எழுதிக் குடுத்தா நல்லாப் பேசுற. எழுதிக் குடுக்காம ஒரு வார்த்த கேட்டா, ராஜகிரிக் கோட்ட மேல இருக்குற பீரங்கி கணக்கா வாயத் தொறந்துட்டு நிக்கிற. நீயெல்லாம் வெளியூரு போயி இன்னா பண்ணப் போற?”

பதினோராம் வகுப்பில் எங்கள் ஆங்கில ஆசிரியை என்னிடம் சொன்னது இது. அன்று எக்ஸ்டெம்போர் போட்டி. தலைப்பை மேடையில்தான் கொடுப்பார்கள், யோசிக்க நேரம் கிடையாது, உடனே பேச வேண்டும். ஆனாலும் எங்கள் பள்ளியில் அந்தப் போட்டிக்கு எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போவோம். என்னென்ன தலைப்பு வரலாம் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் எழுதி, ஒப்பித்து வைத்திருப்போம். மரம், தாய், கணினி, சுத்தம் எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. சீட்டைப் பிரித்தால் ‘குடை’ என்று இருந்தது. குடையைப் பற்றி நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. மேடையிலேயே நின்றேன். மணி அடித்ததும் இறங்கி வந்தேன்.

ஆசிரியை சொன்னதில் பாதி உண்மை. நான் எழுதி வைத்துக்கொண்டு வாழ்கிறவள்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. நைனா செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை தூக்கினார். எங்கள் பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைக் கமிட்டி என்றுதான் சொல்வோம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். செல்வியக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். எங்கள் காலனியில் முதலில் கல்லூரிப் படியேறிய பெண் நான் என்று சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து தானாக நிமிர்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவள் தடுக்கி விழுந்தால் பிடிக்க ஆளில்லை. திண்டிவனத்தில் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதே இல்லை. ‘சட்டென்று முடிவெடுத்தேன்’ என்று தோழிகள் சொல்லும்போது, இவளுக்குப் பின்னால் ஒரு சொந்த வீடாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஸ்காட்லாந்தில், டண்டி என்ற ஊரில், ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மாவின் ஈரம், புளிப்பு, ரொட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் என் பொறுப்பு. வந்து ஐந்து ஆண்டு முடிந்ததும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். பழைய விசாவின் காலம் முடிந்துவிட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஒரு நாள் நாட்டைவிட்டு வெளியே போனாலும் விண்ணப்பத்தை நானே விலக்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட் என்னிடமே இருக்கிறது. போகிற கதவை யாரும் பூட்டவில்லை. நான் போனால் திரும்பி வருகிற கதவு பூட்டிக்கொள்ளும்.

விண்ணப்பித்த மறுவாரம் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது.

விண்ணப்பத்தை அவசரமாகப் பார்க்கச் சொல்லிக் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினேன். மருத்துவரின் கடிதத்தை ஆங்கிலத்தில் அனுப்பச் சொன்னார்கள். அக்கா விழுப்புரம் வரை போய் வாங்கி அனுப்பினாள். அதில் ‘நிலைமை சீராக உள்ளது’ என்று இருந்தது. சீராக இருப்பதால் அவசரம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

இனி நான் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். ஆனால் நைனாவை உயிரோடு பார்ப்பேனா என்பதுதான் இந்த நாட்களில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

2

எனக்கு மேல்தளத்தில் ஐரீன், ஜார்ஜ் என்று வயதான தம்பதி இருந்தார்கள். வந்த புதிதில் ஐரீனை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். “உன் அப்பாவுக்கு எத்தனை தங்கைகள்? அதில் நான் எத்தனையாவது?” என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினேன். என் தாயைவிட மூத்தவரைப் பெயர் சொல்ல நாக்கு வளையவே நாளாயிற்று.

மாசி மாதக் குளிரில் ஒரு காலை ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சிறிது நேரத்தில் அவசரமில்லாமல் திரும்பிப் போனது. ஜார்ஜ் இறந்துவிட்டார் என்று மாடிப்படி துடைக்கும் பெண் சொன்னாள். எதிர்வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். துக்கத்தில் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஒதுங்குவது இங்கே மரியாதை. எனக்கு அன்று அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் கால் கேட்டிருக்காது.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால்தான் போவோம். எங்களுக்குப் பத்திரிகை வைக்காத வீடுகள் நிறைய உண்டு. சாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கேள்விப்பட்டால் போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ஐரீன் என்னைப் பார்த்ததும் எழுந்து, “வா, தேநீர் போடுகிறேன்” என்றார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதாவது! அவர் மறுபடி எழுந்தார். நான் மறுபடி உட்கார வைத்தேன். மூன்றாம் முறை அவர் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட, நான் போய் அணைத்தேன். தண்ணீராவது குடி என்றார். தலையை ஆட்டி மறுத்தேன். அந்த வீட்டில் அன்று தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று எனக்குள் ஊறியிருக்கிறது. பிறகு அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தொலைபேசி வந்தது. எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நான் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வேறெதையும் தொட்டேன்.

முறைப்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

3

சில நாள் கழித்து, மெல்போர்னில் இருக்கும் அவர்கள் மகன் டேவிட் வந்து சேர்ந்தார். படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் என்னைப் பார்த்து நின்றார்.

“நீங்கள்தான் கீழ்வீட்டுப் பெண்ணா? உங்களுடைய இம்ப்ராம்ப்ட்யூ விசிட்டைப் பற்றி அம்மா சொன்னார். நீங்கள் ஏன் அப்படிப் போய்விட்டீர்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.”

குரலில் கோபம் இல்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. பதில் எழுதி வைத்திருக்கவில்லை. நின்றேன். அவர் மேலே போய்விட்டார்.

அன்று மதிய இடைவேளையில் அந்தச் சொல்லைத் தேடினேன். இம்ப்ராம்ப்ட்யூ. முன்னேற்பாடு இல்லாமல், அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே செய்வது. பேச்சுக்குச் சொல்லலாம், பாட்டுக்குச் சொல்லலாம், விருந்துக்கும் சொல்லலாம். பழிச்சொல் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. எக்ஸ்டெம்போர் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதன் லத்தீன் வேருக்கு ‘அந்த நேரத்திலிருந்தே’ என்று பொருள். ஸ்பான்டேனியஸ் இன்னொருத்தி. அவளுடைய வேர் ‘தன் விருப்பத்தால்’ என்கிறது.

இம்ப்ராம்ப்ட்யூவின் வேர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. லத்தீனில் ‘இன் ப்ராம்ப்டூ’ என்றால் தயாராக, கண்ணெதிரில், கைக்கு எட்டுகிற இடத்தில் என்று பொருளாம். உள்ளே இருப்பதை எடுத்து வெளியே நீட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. ஆயத்தமில்லாமல் செய்வதைக் குறிக்கும் சொல்லுக்கு ஆயத்தம்தான் வேர்.

முதலில் இது முரண் என்று நினைத்தேன். பிறகு அம்மா செத்துப்போன அன்றைக்கு எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். யாரும் கூடிப் பேசவில்லை. ஒருவர் மூங்கிலோடு வந்தார். ஒருவர் பந்தல்காரனிடம் போனார். எதிர்வீட்டு அண்ணி அண்டாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வெளியூர் ஆட்களுக்குத் தகவல் சொல்ல ஒருவன் யாரும் சொல்லாமலே போனைக் கையில் எடுத்துவிட்டான். அன்று யாரும் எதையும் திட்டமிடவில்லை. எல்லாரும் தயாராக இருந்தார்கள். அவரவரிடம் இருந்ததை எடுத்து நீட்டினார்கள்.

உச்சரிப்பு வேறு வேலை வைத்தது. அழுத்தம் நடுவில் வர வேண்டும். கடைசியில் இங்கே ‘ட்யூ’ என்கிறார்கள், அமெரிக்காவில் ‘டூ’. நடுவில் ‘ம்ப்ட்’ என்று மூன்று மெய் முட்டிக்கொண்டு வருகின்றன. இங்கே பலர் அதில் இருக்கும் பகரத்தை விழுங்கிவிடுகிறார்கள். டேவிட்டும் விழுங்கியிருந்தார். எங்கள் வாய்க்கு அதுவும் வராது. நடுவில் ஒரு உகரத்தைப் போட்டு ‘இம்ப்ராம்புட்டு’ என்று ஏதோ பலகாரம்போல ஆக்கிவிடுவோம். ஆய்வகத்தில் குளிர்பெட்டியின் பளபளப்பான கதவைக் கண்ணாடியாக வைத்து, வாயைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பழகினேன். இரண்டு முறை உதடு மூடித் திறக்க வேண்டும். இம்ப்ராம்ப்ட்யூ. மறுபடி மூடித் திறக்க வேண்டும்.

அப்படிப் பழகிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன்.

நைனாவுக்கு வாயின் வலதுபுறம் இழுத்துக்கொண்டது. உதடு இரண்டும் ஒட்டாது. மகரமும் பகரமும் அவருக்கு வருவதில்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பா என்றுதான் சொல்வார். பாப்பா என்று சொல்லவும் இரண்டு முறை உதடு மூட வேண்டும். வீடியோவில் என் முகம் தெரிந்ததும் அவர் முயன்று பார்ப்பார். ‘ஆ... ஆ’ என்று காற்று மட்டும் வரும். அவருக்கு இடது கண்ணில் தண்ணீர் நிற்கும். எனக்குப் புரிகிறது என்று நான் தலையாட்டுவேன். அவர் என் தலையாட்டலை நம்பாமல் மறுபடியும் முயல்வார்.

4

நான் தினமும் என் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கூப்பிடுவேன். அங்கே அப்போது பொழுது சாயும் நேரம்.

“இன்னாடி, சாப்டியா?”

“சாப்டேன்க்கா. பின்னாடி யாரு, அவலூர்பேட்ட அத்தையா?”

“ஆமா. சும்மா வந்தாங்க.”

“அத்த சும்மா வர்ற ஆளா? நான் காலேஜ் முடிச்சதுக்கே வரலையே.”

“அப்ப கோவம்டி அவங்களுக்கு. அவங்க புள்ளைய வேணாம்னுட்ட இல்ல.”

அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். “ஏம்மா, அந்த ஊர்ல சோறு ஆக்கித் தின்றியா இல்லியா? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. எம்மவனக் கட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ளையோட குண்டா இருந்திருப்ப. நைனாவப் பத்திக் கவலப்படாத. நல்லாத்தான் இருக்குறாரு. நேத்துகூட ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு.”

நேற்று. இரண்டு வாய். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்: “இன்னிக்கு?”

“இன்னிக்கு இன்னும் குடுக்கலம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனை அக்காவிடம் கொடுத்தார். அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

அடுத்த நாள் கட்டிலுக்குப் பின்னால் சீயமங்கலத்துச் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் சும்மா வந்தாராம். அதற்கடுத்த நாள், கமிட்டிக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய். நைனா மூட்டை தூக்கிய காலமெல்லாம் அவர் கடையில்தான் டீ குடித்தார். நைனாவின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

“கடைய சாத்திட்டா வந்தாரு?” என்று கேட்டேன்.

“வியாபாரம் டல்லாம்.”

“அறுப்புக் காலத்துலயா? கமிட்டி வாசல்லயா? அக்கா, எங்கிட்டயே கத வுடுறியே.”

அக்கா போனை வேறு பக்கம் திருப்பினாள். ஓரத்தில் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மேசைமேல் ரொட்டிப் பாக்கெட்டுகளும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சேர்ந்துகொண்டே போயின. எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இது விளங்கும். மருத்துவரின் கடிதத்தில் இல்லாத செய்தி இது. கூப்பிடாமல் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்றால், ஒரு முறை முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வருகிறார்கள் என்று அர்த்தம்.

“நான் வரன்,” என்றேன்.

“கிறுக்கு மாதிரி பேசாத. அஞ்சு வருசம் பல்லக் கடிச்சினு இருந்திருக்க. நைனா அதுக்காவத்தான மூட்ட தூக்கனாரு? நீ வந்து இன்னா பண்ணப் போற? பொறு. அந்தப் பேப்பர் வந்துடட்டும்.”

நான் படித்தவள், திட்டமிடுகிறவள். சரி என்றேன். போனை வைத்துவிட்டு மாவின் ஈரம் பார்க்கப் போனேன். ஒரே மாவுச் சாம்பிளை இருமுறை அளந்தேன். இரண்டு முறையும் அளவைக் குறிக்க மறந்தேன்.

5

ஐரீன் என்னால் குழம்பிப்போயிருக்கிறார் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். என்ன சொல்வது என்று எழுதிப் பார்க்கவில்லை. எழுத உட்கார்ந்தால் நைனாவின் முகம்தான் வந்தது.

டேவிட் கதவைத் திறந்தார். அடக்கத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நாள் குறித்து, கார்டு அடித்து, பாட்டுத் தேர்ந்தெடுத்துத்தான் இங்கே அனுப்பிவைப்பார்கள். அது வரை ஜார்ஜ் எங்கோ குளிரில் காத்திருந்தார்.

“நீங்கள் கொடுத்த தேநீரை வேண்டாம் என்றேனே,” என்று ஐரீனிடம் தொடங்கினேன். “எங்கள் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சோறும் காப்பியும் மற்ற வீட்டிலிருந்துதான் வரும். உங்களை அடுப்பிடம் விடக்கூடாது என்று நினைத்தேன். போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனதும் அதனால்தான். எங்கள் மொழியில் விடைபெறும்போது ‘போய்ட்டு வரேன்’ என்போம். திரும்பி வருவேன் என்று பொருள். சாவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது. இப்படி ஒரு காரியத்துக்கு இந்த வீட்டுக்கு மறுபடி வர வேண்டி வரக்கூடாது, அதற்காக.”

ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன். இலக்கணம் எங்கே போயிற்றோ தெரியாது. ஐரீன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் எதையோ சொல்லி உன்னைப் புண்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன்,” என்றார். “அன்று முழுக்க எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது நீ ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் பூ அனுப்பினார்கள். வீட்டில் இருந்த பூச்சாடிகள் போதவில்லை.” பிறகு, “ஆனால் அந்தக் கெட்டிலை அணைத்தாயே, எனக்கு அப்போது ஒரு வாய்த் தேநீர் உண்மையாகவே வேண்டியிருந்தது, பெண்ணே!” என்றார். மூவரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் அவர் அழத் தொடங்கியிருந்தார்.

டேவிட் தேநீர் போட்டார். இந்த முறை குடித்தேன். கரண்டியால் கலக்கிக்கொண்டே, யாரும் கேட்காமல், அவர் பேசினார்.

“நான் அடுத்த மாதம் வருவதாக இருந்தேன். அப்பாவோடு இரண்டு வாரம். விடுமுறை வாங்கி, டிக்கெட் போட்டு, காரும் ஏற்பாடு செய்துவிட்டேன். செய்தி வந்ததும் விமானக் கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒரு நிமிட வேலைதான். தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.”

ஐரீன் ஜன்னலைப் பார்த்தபடி, “அவன் எப்போதும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவன்,” என்றார்.

பாராட்டா குறையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. டேவிட் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மகனின் கை. எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்த கை.

6

திங்களன்று மேலாளரிடம் போய் ஊருக்குப் போகிறேன் என்றேன். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு அதிகாரியின் முன்னால் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. திரும்ப முடியாமல் போகலாம் என்றும் சொன்னேன். அவர் ஏதேதோ வழி யோசித்தார். நல்ல மனிதர். நான் நன்றி சொல்லி வெள்ளை மேலங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்தேன்.

விண்ணப்பம் தானாக ரத்தாகட்டும் என்று விட எனக்கு மனமில்லை. நானே இணையத்தில் போய் விலக்கிக்கொண்டேன். ‘உறுதியாகவா?’ என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். ஐந்து ஆண்டு, ஒரு விரல் நுனியில் முடிந்தது.

இது சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. நைனா தேறினால், கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று நாலு பேர் கேட்பார்கள். நானே கேட்டுக்கொள்வேன். இவ்வளவு படிக்க வைத்து மறுபடி இங்கேயேவா என்று அவரே கண்ணால் கேட்கலாம். வேலை தேட வேண்டும். செஞ்சியில் அரிசி ஆலைகள் உண்டு, சென்னையில் ஆய்வகங்கள் உண்டு. என் படிப்பை யாரும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. இவ்வளவுதான் என்னிடம் இருக்கும் கணக்கு. வேறு எதையும் யோசித்து வைக்கவில்லை.

எடின்பரோ விமான நிலையத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

“கிளம்பிட்டேன்க்கா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

“நெசமாவா?”

“நெசமா. பேப்பர வாபஸ் வாங்கிட்டேன்.”

“அடிப்பாவி.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “நைனாகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“சொன்னா காத்துனு இருப்பாருடி.”

“இருக்கட்டும். சொல்லு.”

அவள் போனை வைக்காமலே அவரிடம் போனாள். என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. அதற்குள் இங்கே வரிசை நகரத் தொடங்கியது. இந்தக் கடைசிப் பகுதியை ஜன்னலோர இருக்கையில் இருந்து எழுதுகிறேன். விமானம் கிளம்பிவிட்டது. கீழே கடல் தெரிகிறது.